அரை அங்குலத்துக்கும் குறைந்த குழல்

பினாங்கில் எங்கள் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராஜாமணி, தன் அண்ணன் மகளின் கல்யாண ஆல்பத்தை என்னிடம் நீட்டியது பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லுவேன் என்றுதான். நான் பார்த்தது ஊர்வலக் காருக்குப் பின்னால் நின்ற பேண்டு செட்டை. சிவப்புக் கோட்டு போட்ட ஒருவர் கையில் ஒரு டிராம்போன் இருந்தது. இழுத்து இழுத்து ஊதுகிற அந்த நீளக் குழலை இருபத்திரண்டு வருஷமாக நானும் ஊதுகிறேன். எட்ட நின்று பார்த்தாலே அதன் வயது தெரிந்துவிடும். இதற்கு வாய் சிறியது, குழாய் ஒல்லி. நான் பிறப்பதற்கு முன்னால் செய்தது.

“இது எந்த ஊரு ராஜாமணி?”

“அருப்புக்கோட்டைப் பக்கம்ணே. பொண்ணு எப்படி இருக்கு?”

“லட்சணமா இருக்கு. இந்த ஊருக்கு எப்படிப் போவணும்?”

என் அவசரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஓட்டலில் சாயங்கால ஜாஸ் குழுவில் வாசிப்பவன். அந்த வருஷத் தொடக்கத்தில் நுரையீரலில் நீர் கோத்து நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழுந்து வந்தபோது வலது பக்கம் பாதி மூச்சுதான் மிச்சம். இப்போது வருகிற டிராம்போன்களுக்கு உள்துளை அரை அங்குலத்துக்கு மேல். அதை நிரப்ப முழு மூச்சு வேண்டும். திரும்பி வந்த முதல் சாயங்காலமே ஒரு மெதுவான பாட்டில் நடுவழியில் மூச்சு அறுந்து நின்றேன். மறுநாள் குழுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, ஆண்டுக் கடைசி சீசன் வரை பார்ப்பதாகவும், முடியாவிட்டால் ஈப்போவிலிருந்து வேறு ஆளை வரவழைப்பதாகவும் மரியாதையாகவே சொன்னார். பழைய ஜாஸ் டிராம்போன்களின் துளை அரை அங்குலத்துக்கும் குறைவு. பாதி மூச்சிலேயே பாடும். சிங்கப்பூர்க் கடைக்காரர் அப்படி ஒன்றைத் தன் ஆயுளில் இரண்டு தடவைதான் பார்த்ததாகச் சொல்லிக் கையை விரித்தார். ஆகவே ஆல்பத்தை மூடிய அன்றே முடிவு செய்துவிட்டேன். எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம், ஒரு வார விடுப்பில் கிளம்பினேன்.

திங்கட்கிழமை அருப்புக்கோட்டை. ராஜாமணியின் அண்ணன் தங்கவேல் அண்ணாச்சிக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். கடைக்குள் கால் வைத்ததும் ஏழு தும்மல் வரிசையாக வந்தது. எட்டாவதை எண்ண அவர் விடவில்லை, கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதிர்ச்சந்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“தம்பி கடுதாசி போட்டிருந்தான். ஏதோ வாங்க வாரீகன்னு மட்டும் எழுதியிருந்தான். சேலையா? வத்தலா?”

“ஒரு பழைய குழல்ங்க.”

“கொழலா?”

“பேண்டு செட்டுல ஊதுற குழல்.”

அண்ணாச்சி என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். “கோயிலுக்கு எதுவும் நேந்திருக்கீகளா?” என்றார். இல்லை என்றேன். வீட்டில் காப்பியும் சேவும் வந்தன. இரண்டாவது டம்ளர் முடிந்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்காரம்மாதான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, “அவுக தொழில் அது. நீங்க வத்தல் பாக்க குண்டூருக்குப் போகல?” என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் அவர் வழிக்கு வந்தார். ஆல்பத்தில் இருந்தது திருச்சுழிக்கு அங்கிட்டு உள்ள மாரிமுத்துவின் செட்டு என்றும், சுற்றுவட்டாரத்தில் வசதியான கல்யாணம் என்றால் அவர்தான் என்றும் சொன்னார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து பொரித்த பரோட்டா வாங்கிவரச் செய்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் விசிறி விசிறி மெத்தென்று வரும். இது எண்ணெயில் மூழ்கி எழுந்து அப்பளமாக நொறுங்கியது. சால்னாவை மேலே ஊற்றியதும் அடங்கியது. நாலு தின்றேன். மூச்சுக்காரன் ராத்திரியில் இப்படித் தின்னக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஐந்தாவதைக் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

செவ்வாய் காலை திருச்சுழி பஸ். பாதி தூரத்தில் ஆக்ஸிலேட்டர் கம்பி அறுந்தது. எங்கள் ஊராக இருந்தால் எல்லாரும் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றிருப்போம். இங்கே அடுத்த பஸ் மத்தியானம்தான். கண்டக்டர் ஒரு சணல் கயிற்றை எங்கேயோ கட்டி, எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் “இழு” என்றால் இழுத்தார், “விடு” என்றால் விட்டார். பஸ் நன்றாகவே ஓடியது. டிக்கெட் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. பக்கத்தில் உரமூட்டையோடு இருந்தவரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். “ஒங்க பூட்ஸப் பாத்து, தண்ணி பாக்க வந்த ஆபீசருன்னு ஒருத்தி சொல்றா. ஆபீசருன்னா ஜீப்புல வருவாக, இவரு பஸ்ஸுல வாராரு, தண்ணி கெடைக்காதுன்னு மத்தவ சொல்றா” என்றார். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டியவரை சீமைக்கருவேல். இடையிடையே கரி மூட்டம் போட்ட இடங்களில் புகை எழுந்தது. பினாங்கில் தினம் மூன்று மணிக்கு மழை வரும், நாங்கள் சலித்துக்கொள்வோம். மழைக்காக வானத்தைத் திட்டுவோம். இந்த ஊரில் அதைத் திட்டி யாரும் வாயைக் கெடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

திருச்சுழியில் இறங்கி, மணல் மட்டும் ஓடிக்கொண்டிருந்த குண்டாற்றைத் தாண்டி, கரி லாரி ஒன்றில் ஏறி மாரிமுத்துவின் ஊருக்குப் போனேன். வாசலில் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். நான் வழக்கம்போல முழுச் செம்பையும் காலில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது குடிக்கக் கொடுத்தது. மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வருகிற தண்ணீராம். இன்னொரு செம்பு வந்தது. அதைக் குடிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

மாரிமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். கிளாரினெட் வாசிப்பவர், செட்டுக்கு உடைமைக்காரர். டிராம்போன் சுவரில் ஆணியில் தொங்கியது. அவருடைய அப்பா கொழும்பில் ஒரு நடன விடுதி மூடியபோது வாங்கி வந்ததாம். எடுத்துக் கொடுத்தார். கனமே இல்லை. இழுகுழாயைப் பிடித்துவைக்கும் பூட்டுக்குக் கீழே பொறித்திருந்த எண்ணை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அறுபது வயது. செய்தவன் பெயரும் பூவேலையும் விரிந்த வாய்ப்பக்கம் செதுக்கியிருக்க வேண்டும். அந்த இடம் வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால் புளியும் செங்கல் பொடியும் போட்டு விளக்கி விளக்கிப் பெயரையே தின்றுவிட்டார்கள். பூஜைப் பாத்திரத்துக்குச் செய்கிற மரியாதையை இதற்கும் செய்திருக்கிறார்கள். மனம் பதறியது. இருந்தாலும் பெயரையா ஊதப்போகிறேன் என்று தேற்றிக்கொண்டு, பூட்டைத் திறந்து இழுத்தேன்.

அசையவில்லை.

“இழுக்காதீக சார், அது வராது” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். ஆல்பத்தில் பார்த்த அதே முகம். மாரிமுத்துவின் மச்சினர் பிச்சை. என் வயதுதான் இருக்கும்.

“எத்தனை நாளா வராது?”

“ஆறு வருசமிருக்கும். நான் கையில எடுத்தப்பவே லேசா இறுகிக் கெடந்துச்சு. எளகட்டும்னு வெளக்கெண்ண விட்டேன். இன்னும் இறுகுச்சு. பெறகும் விட்டேன்.”

ஆறு வருஷ விளக்கெண்ணெய் உள்ளே கோந்தாகியிருந்தது. “அப்போ எப்படி ஊதுறீங்க?” என்று கேட்டேன். பிச்சை வாங்கி ஊதிக் காட்டினார். மூடிய நிலையில் அந்தக் குழலில் இயல்பாக வருகிற ஐந்தாறு சுரங்கள் மட்டும்தான். பாட்டில் அவை வருகிற இடத்தில் ஓங்கி ஊதுவார், மற்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார். டிரம் சத்தத்தில் யாருக்கும் தெரியாதாம். ஆனால் அந்த ஐந்தாறு சுரமும் கெட்டியாக, சுத்தமாக இருந்தன. இவ்வளவு நல்ல உதடு உள்ள மனிதர் பூட்டின கதவுக்கு முன்னால் ஆறு வருஷம் நின்றிருக்கிறார்.

உதட்டில் வைக்கும் என் ஊதுவாயை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். அதைப் பொருத்தி ஒரு சுரம் பிடித்தேன். பிடித்த சுரம் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். ஓட்டலில் எட்டில் அறுந்த மூச்சு இங்கே பதினாலு வரை வந்தது. வாங்காமல் போவதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். உள்குழாய் களிம்பேறி அரித்திருந்தால் எல்லாம் வீண்தான். அதை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாரிமுத்து மறுத்துவிடவில்லை. ஆனால் இரண்டு சொன்னார். “வெள்ளிக்கெழம நரிக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வெத்தல வாங்கியாச்சு. ஒம்பது உருப்படின்னு சொல்லி வாங்குனது. மின்னால நீளக் கொழல் நிக்கணும்னு பொண்ணு வீட்டுக்காரரு தனியா வேற சொல்லியிருக்காரு. அது முடியுற வரைக்கும் இத வெளிய விட மாட்டேன், கை வைக்கவும் விட மாட்டேன். ஒடிஞ்சு போச்சுன்னா நான் எட்டு உருப்படியோட போயி நிக்க முடியாது.”

“சரி. இரண்டாவது?”

“ரூவா வேண்டாம். ரூவாய ஊத முடியுமா? அடுத்த முகூர்த்தத்துக்கும் ஒம்பதுன்னு வெத்தல வாங்கியிருக்கேன். உருப்படிக்கு உருப்படி கொண்டாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க.”

செட்டுக்காரர்களிடம் அது ஒரு கட்டுப்பாடு. கல்யாண வீட்டில் வெற்றிலை வாங்கும்போது எத்தனை உருப்படி, அதாவது எத்தனை வாத்தியம், என்று சொல்லித்தான் வாங்குவார்கள். பந்தலில் போய் நின்றதும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் விரலை நீட்டி எண்ணுவார். ஒன்று குறைந்தால் அது அந்தக் குடும்பத்தைக் குறைத்ததாக ஆகிவிடும். பிறகு அந்த ஊரில் வெற்றிலை கிடைக்காது. சனிக்கிழமை நான் கிளம்பியாக வேண்டும். இந்த வறண்ட சீமையில் மூன்று நாளில் இன்னொரு பித்தளை வாத்தியத்துக்கு எங்கே போவது? குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். ருசி தெரிந்து சாப்பிட்டேன், ஆனால் புத்தி முழுக்க அதிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு இதற்குள் என் காரியம் தன் காரியமாகிவிட்டது. கடையில் யார் யாரையோ விசாரித்து, “மல்லாங்கிணத்துல ஒருத்தரு மிலிட்டரி பேண்டுல இருந்து வந்திருக்காரு. சுப்பையான்னு பேரு. அவருகிட்ட என்னமோ பெருசா ஒண்ணு கெடக்காம்” என்று கண்டுபிடித்து வந்தார். புதன்கிழமை அவருடைய மொபெட்டில் போனோம். அண்ணாச்சி கனத்த உடம்புக்காரர், நானும் ஒல்லி இல்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் நான் இறங்கிப் பின்னால் நடந்தேன். வண்டி அவரை ஏற்றிக்கொண்டு மூச்சிரைத்தது, நான் என்னை ஏற்றிக்கொண்டு மூச்சிரைத்தேன்.

சுப்பையாவிடம் இருந்தது யூபோனியம். மடியில் குழந்தை மாதிரி வைத்து ஊதுகிற, விரலால் அழுத்தும் மூன்று கட்டைகள் உள்ள பெரிய குழல். ராணுவத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்திருக்கிறார். “தர முடியாது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு உள்ளே போனார். அவர் மனைவி வெளியே வந்து, “பரண்ல எட்டு வருசமாக் கெடக்கு. எலி குட்டி போடுது. நீங்க போகாதீக, இருங்க” என்று கட்டிலைக் காட்டினார்கள். அண்ணாச்சிக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது. அவரை அனுப்பிவிட்டு நான் வேப்பமரத்தடியில் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். மத்தியானம் கேட்டேன், முடியாது என்றார். மூன்று மணிக்குக் கேட்டேன், என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. விமானம் ஏறி வந்தவனுக்குக் கட்டிலில் உட்காருவதா கஷ்டம்?

ஐந்து மணிக்கு அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். “பித்தளை வெலைக்குத்தான கேக்கீக?”

“இல்லைங்க, ஊதத்தான்.”

“போன வருசம் ஒருத்தன் இப்படித்தான் ஊதன்னு கேட்டான். தராசோட வந்திருந்தான்.” என் உதட்டைப் பார்த்தார். “யாரு ஊதுவா?”

“திருச்சுழிப் பக்கம் பிச்சைன்னு ஒருத்தர். நல்ல உதடு.”

“எப்போ?”

“வெள்ளிக்கிழமையே கூட ஊதலாம்.”

அவர் ஏணியை எடுத்து வைத்தார். எலி குட்டி போட்டது உண்மைதான். தட்டிக் கவிழ்த்து, துடைத்து, என்னை ஊதச் சொல்லிக் கேட்டார். பிறகு தானும் ஒரு தடவை ஊதினார். மனைவி தொண்டையைக் கனைத்ததும் நிறுத்தினார். கேட்ட விலையைக் கொடுத்தேன். “கட்டைக்கு வாரா வாரம் எண்ண போடச் சொல்லுங்க. வெளக்கெண்ண மட்டும் கூடாது” என்று தெருமுனை வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை யூபோனியத்தோடு மாரிமுத்து வீட்டில் நின்றேன். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்காமல் கண்டக்டர் விடவில்லை. பிச்சை அதை மடியில் வைத்துக் கட்டைகளைத் தொடாமலே ஊதினார். டிராம்போனில் வந்த அதே ஐந்தாறு சுரம் அப்படியே வந்தது. இரண்டுக்கும் உள்ளே நீளம் ஒன்றுதான். மாரிமுத்து சிரித்தார். “ஒம்பது உருப்படி கையில இருக்கு. இனி அந்தக் கொழல என்னமும் பண்ணிக்கோங்க” என்றார். பெண் வீட்டுக்காரர் நீளக் குழல் முன்னால் நிற்க வேண்டும் என்று சொன்னதை அந்த நேரத்தில் அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

நானும் பிச்சையும் வேலையை ஆரம்பித்தோம். குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஊற்றி, குழலைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். ஒரு மணிக்கொரு தடவை வெளிக்குழாயில் வெந்நீர் விட்டோம். அந்த வெந்நீருக்கு ஆன தண்ணீரை நினைத்தால் எனக்கு இப்போதும் கூச்சம்தான். பிச்சையின் மனைவி கேட்டபோதெல்லாம் குடத்தைச் சாய்த்தார்கள். முறுக்கக் கூடாது, நேராக மட்டும்தான் இழுக்க வேண்டும் என்று பிச்சையிடம் பத்துத் தடவை சொன்னேன். வெயில் சாயும் நேரத்தில், அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுக்க, உள்ளே ஏதோ கரகரத்தது. ஒரு விரற்கடை நகர்ந்தது, பிறகு ஒரு சாண். பிறகு மொத்தமாக வந்து இரண்டு பேரும் பின்பக்கம் சாய்ந்தோம்.

பச்சைப் பிசினைத் துணியால் வழித்தேன். அடியில் உள்குழாய் இரண்டும் பளபளவென்று இருந்தன. ஒரு கீறல் இல்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் சுலபம். ஆறு வருஷமாகத் திறக்கவே முடியாததால் புளியும் செங்கல் பொடியும் உள்ளே போகவில்லை. விளக்கெண்ணெய் மட்டும் இறுகாமல் இருந்திருந்தால் இவர்கள் அந்த முலாம் பூச்சையும் விளக்கித் தேய்த்துத் தீர்த்திருப்பார்கள். நான் பிச்சையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. நரிக்குடியைத் தாண்டி ஒரு கிராமம். கோயிலிலிருந்து பந்தல் வரை பெண்ணை அழைத்துப் போக வேண்டும். செட்டு வரிசையாக நின்றது, பிச்சை யூபோனியத்தோடு. பெண்ணின் தாய்மாமன் வந்து பார்த்து, “நீளக் கொழல எங்க?” என்றார். நான் ஊருக்குக் கொண்டுபோவதற்காகத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தேன். மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் அவிழ்த்துப் பிச்சையிடம் கொடுத்தேன். அவர் தோளில் வைத்து உதட்டைக் கொண்டுபோன மாத்திரத்தில் குழாய் தானாகச் சரசரவென்று இறங்கி முன்னால் நின்ற டிரம்காரர் முதுகில் இடித்தது. இழுத்து வைத்தார், மறுபடி இறங்கியது. ஆறு வருஷமாக அசையாத ஒன்றைப் பிடித்துப் பழகிய கை அது. ஊதினால் எந்தச் சுரமும் அதனதன் இடத்தில் இல்லை. பிச்சையின் முகம் சுருங்கிவிட்டது. இளக்கிவிட்டது நான், தண்டனை அவருக்கு.

“ஏலே, என்னடா இது” என்று மாரிமுத்து பல்லைக் கடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். செட்டு மொத்தமும் என்னைப் பார்த்தது.

பிச்சை யூபோனியத்தை மறுபடி எடுத்துக்கொள்ள, நீளக் குழலை நான் வாங்கிக்கொண்டேன். டிரம்காரரின் தம்பிக்கென்று வைத்திருந்த சிவப்புக் கோட்டு எனக்கு வயிற்றில் பூட்டவில்லை. தாய்மாமன் விரலை நீட்டி எண்ணினார். “பத்து இருக்கு. ஒம்பதுக்குத்தான வெத்தல வச்சோம்?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, மலேயாக்காரருக்குத் தனி வெத்தல” என்று தட்டிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். ஓட்டல் முதலாளிகள் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தங்கள் என்னிடம் எத்தனையோ இருக்கின்றன. இந்த வெற்றிலையை வாங்கியபோது வந்த பயம் அப்போதெல்லாம் வந்ததில்லை.

கோயிலிலிருந்து பந்தலுக்கு அரை மைல், வெயில், புழுதி. நடந்துகொண்டே ஊத வேண்டும். எங்கள் டாக்டர் பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பார். அப்போது எல்லா ஊர்க் கல்யாணத்திலும் ஊதிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு ஒன்றை மாரிமுத்து எடுத்தார். ரேடியோவில் கேட்ட பழக்கத்தில் நானும் சேர்ந்துகொண்டேன். பல்லவியில் தயங்கித் தயங்கி ஊதினேன். சரணத்தில் எடுத்த மூச்சு அடி முடியும்வரை வந்தது. அடுத்த அடியும் வந்தது. கிளாரினெட்டைச் சுற்றிக்கொண்டு வழுக்கி ஏறினேன், இறங்கினேன். தெருவோரம் நின்ற ஜனங்கள் குழாய் நீண்டு நீண்டு திரும்புவதைப் பார்த்துக் கை தட்டினார்கள். மாரிமுத்து ஒரு கணம் ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு வேகத்தைக் கூட்டினார். பந்தலை அடைந்தபோது மார்பு வலித்தது, கண் இருட்டியது, ஆனால் ஒரு இடத்திலும் அறுந்து நிற்கவில்லை. ஓட்டல் மேடையில் என் நாற்காலி எனக்குத்தான் என்று அங்கே தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து புளியமரத்தடியில் சாய்ந்திருந்தேன். பிச்சை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், நான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சது இந்தக் கொழலத்தானா?”

குழலை அவரிடம் கொடுத்தேன். குழாயைக் கைப்பிடியில் இறுக்காமல், இரண்டு விரலில் மட்டும் பிடிக்கச் சொன்னேன். முதல் பத்து நிமிஷம் அவஸ்தைப்பட்டார். பிறகு ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு மெதுவாக, விட்டுவிடாமல், இழைத்துக்கொண்டு போனார். போன இடத்தில் சரியாக நின்றார். நான் அதைப் பழக ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தார். மறுபடி போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரை மணிக்குப் பிறகு அவரே துடைத்து, பூட்டைப் போட்டு, என் துணியில் சுற்றினார்.

“வாக்குக் குடுத்தாச்சுல்ல சார்” என்றார். நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

சனிக்கிழமை திருச்சுழி பஸ் நிறுத்தம் வரை வந்தார். குழலை யாரிடமும் கொடுக்காமல் தன் தோளிலேயே வைத்துக்கொண்டு வந்தார். யூபோனியத்தைப் பற்றி ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று ஆரம்பித்தேன். “அது நல்ல உருப்படி சார், அதுக்கென்ன” என்று முடித்துவிட்டார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கடைசியாக அதை உள்ளே நீட்டினார். இந்தக் குழல் இல்லாவிட்டால் நான் ஊத முடியாது. அவருக்கு மூச்சு முழுசாக இருக்கிறது, எந்தக் குழலிலும் ஊதிக்கொள்வார். இதையெல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். அத்தனையும் நிஜம்தான். எனக்கு வெட்கம் மட்டும் குறையவில்லை.

பஸ் கிளம்பி வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். பிச்சை நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பஸ்ஸைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கை, இரண்டு விரலில் எதையோ லேசாகப் பிடித்தபடி, மார்பிலிருந்து முன்னால் போவதும் திரும்புவதுமாக இருந்தது. நான் மடியிலிருந்த குழலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.